அண்ணியின் கேழ்வரகு மாவும் முடங்கிய விளம்பரக் கணக்கும்

மலேசியாவின் ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் கடை வைத்திருப்பவர்களுக்கு லெபு பாசார் தெருவில் நடமாடும் கூட்டமே விளம்பரம். பட்டர்வொர்த்தில் வீட்டுச் சமையலறையிலிருந்து விற்கும் என் அண்ணிக்கு அந்த வசதி இல்லை. முறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை, ஆண்டு முழுவதும் கேழ்வரகுச் சத்துமாவு என்று எல்லாவற்றுக்கும் சமூக வலைத்தளத்தில் சிறு விளம்பரம் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பார். தீபாவளி ஆர்டர்கள் தொடங்கும் நேரத்தில் அவருடைய விளம்பரக் கணக்கு முடக்கப்பட்டது. "தம்பி, நான் என்ன திருட்டுப் பொருளா விற்கிறேன்?" என்று கேட்டார். எனக்கு விளம்பரத் தொழில் தெரியாது. ஆனால் யாரும் படிக்காத நீண்ட விதிமுறைகளை உட்கார்ந்து படிக்கும் பொறுமை உண்டு.

முதலில் எது முடங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு விளம்பரம் மட்டும் நிராகரிக்கப்பட்டிருக்கலாம். விளம்பரக் கணக்கு முடங்கியிருக்கலாம். கடையின் பக்கத்துக்கே தடை இருக்கலாம். அல்லது அதை நடத்தும் ஆளுக்குத் தடை இருக்கலாம். கடைசி வகைதான் மோசமானது. அந்த ஆள் எந்தக் கணக்கிலிருந்தும் விளம்பரம் செய்ய முடியாது. அண்ணிக்கு இரண்டாம் வகை. "வேறு பெயரில் புதுக் கணக்கு திறந்துவிட்டால் போயிற்று" என்று உறவினர்கள் யோசனை சொன்னார்கள். தடையைச் சுற்றிக்கொண்டு போவதை அந்தத் தளம் தனிக் குற்றமாகவே கருதுகிறது; இரண்டாம் வகைத் தடையை நான்காம் வகையாக்கிக்கொள்ள அதைவிடக் குறுக்குவழி கிடையாது. பணம் கொடுத்தால் திறந்து தருவதாக டெலிகிராமில் வலைவீசும் ஆட்களையும், தளத்தின் அதிகாரி போலப் பேசிக் கடவுச்சொல்லைக் கேட்கும் செய்திகளையும் பதில் சொல்லாமல் அழித்தோம்.

காரணத்தைத் தேடியபோது ஒரு பழைய விளம்பரம் சிக்கியது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு விளம்பரம் போட்டுத் தந்த ஒரு முகவர் எழுதியது: "உங்களுக்குச் சர்க்கரை நோயா? ஒரே மாதத்தில் குறையும்!" பக்கத்தில் பெருத்த இடுப்பும் மெலிந்த இடுப்புமாக இரண்டு படங்கள். அண்ணி அதைப் பார்த்ததே இல்லை.

இதில் எத்தனை விதி மீறப்பட்டிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் அந்த முகவரின் திறமை புரியும். படிப்பவரின் நோய், மதம், இனம், வயது, பணக் கஷ்டம் ஆகியவற்றை விளம்பரம் அறிந்திருப்பதுபோல் பேசக்கூடாது என்பது தளத்தின் விதி. "சர்க்கரை சேர்க்காத சத்துமாவு" என்றால் அது பொருளைப் பற்றிய பேச்சு. "உங்களுக்குச் சர்க்கரை நோயா?" என்றால் அது ஆளைப் பற்றியது. "தீபாவளிப் பலகாரம் தயார்" என்று எழுதுவதில் வில்லங்கமில்லை. "இந்துக்களே, உங்களுக்காக" என்று தொடங்கினால் சிக்கல். முன்பு, பின்பு என்று உடலைக் காட்டும் படங்கள் இன்னொரு வில்லங்கம். இவற்றை முதலில் பார்ப்பது பெரும்பாலும் இயந்திரம்தான். படத்துக்குள் இருக்கும் எழுத்தையும், விளம்பரத்தைத் தட்டினால் திறக்கும் பக்கத்தையும்கூட அது பார்க்கிறது.

தளம் விட்டிருந்தாலும் மலேசியச் சட்டம் விட்டிருக்காது. இங்கே 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் இருக்கிறது. நீரிழிவு, புற்றுநோய் உள்ளிட்ட சில நோய்களைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று ஒரு பொருளைப் பொதுமக்களிடம் விளம்பரப்படுத்த அது தடை விதிக்கிறது. மாவு விற்பவருக்கும் அது பொருந்தும்.

மறுஆய்வு கேட்கும் பொத்தானை அழுத்துவது எளிது. அதற்குப் பிறகு அடையாளச் சான்று கேட்டார்கள். எங்களை அதிகம் அலைக்கழித்தது அந்தக் கட்டம்தான். மைகார்டில், அதாவது மலேசிய அடையாள அட்டையில், அண்ணியின் பெயர், ஏ/பி (இன்னாரின் மகள்), தந்தையின் பெயர் என்று முழுமையாக இருக்கிறது. வங்கி அட்டையில் இடம் போதாமல் பாதியில் வெட்டப்பட்டிருக்கிறது. தளத்திலோ அண்ணனின் பெயரைச் சேர்த்து வைத்திருந்தார். நம் வீட்டுப் பெண்கள் பலருக்கும் இப்படி மூன்று பெயர்கள் இருக்கும். மனிதருக்கு இது விளங்கும், இயந்திரத்துக்கு மூன்று ஆள். முதலில் அனுப்பிய சான்று திரும்பி வந்துவிட்டது. தளத்திலுள்ள பெயரை மைகார்டில் இருப்பதுபோல் மாற்றி, அட்டையின் நான்கு மூலையும் தெரிய, வெளிச்சம் பட்டுப் பளபளக்காமல் படமெடுத்து மறுபடி அனுப்பினோம்.

வணிகச் சரிபார்ப்புக்கு, வணிகங்களைப் பதியும் அரசு ஆணையமான எஸ்எஸ்எம் தரும் பதிவுச் சான்று வேண்டியிருந்தது. சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வணிகப் பெயரில் பதிந்தால் 60 வெள்ளி. அண்ணி முறையாகப் பதிந்து புதுப்பித்தும் வந்திருந்தார். ஆனால் அதில் பழைய வாடகை வீட்டு முகவரி இருந்தது. அதை மாற்றிவிட்டு, மின்கட்டண ரசீதில் உள்ள முகவரியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே அனுப்பினோம்.

கட்டணத்திலும் ஒரு பாக்கி நின்றது. நாளுக்கு 10 வெள்ளி என்று வைத்தால் 30 நாளுக்கு 300 வெள்ளி என்று கணக்குப் போட்டு, அந்த அட்டையில் அவ்வளவு மட்டும் வைத்திருந்தார். டிஜிட்டல் சேவைகளுக்கு 2020 முதல் 6 விழுக்காடு சேவை வரி உண்டு. 2024 மார்ச் முதல் அது 8 விழுக்காடு. ஆக 24 வெள்ளி குறைந்தது, அட்டை மறுக்கப்பட்டது. பணம் எடுக்க முடியாத அட்டையும் கணக்கின் மீது சந்தேகத்தை வளர்க்கும் என்பதால் பாக்கியை உடனே கட்டினோம்.

ஒருநாள் கணக்கு மீண்டது. ஏன் பூட்டினார்கள், ஏன் திறந்தார்கள் என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. அண்ணிக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, எனக்கும்தான்.

முகவரின் கையிலிருந்த கடவுச்சொல்லை மாற்றி, கடவுச்சொல்லோடு கைப்பேசியில் வரும் குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டோம். இனி வெளியாள் வேலை செய்தால் அவருக்கென வரையறுத்த உரிமை மட்டும்தான், அண்ணியின் கடவுச்சொல் கிடையாது. முழு உரிமையுள்ள இரண்டாம் நிர்வாகியாக அண்ணனைச் சேர்த்தோம்; ஒருவரின் கைப்பேசி தொலைந்தால் கடை நின்றுவிடக் கூடாது. செலவுத் தொகையையும் ஒரேயடியாக உயர்த்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம்.

இப்போதைய விளம்பரத்தில் முளைகட்டிய கேழ்வரகு, கம்பு, பச்சைப்பயறு, எடை, விலை, அண்ணி மாவு சலிக்கும் படம் ஆகியவை மட்டும் இருக்கும். "என் அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்தது" என்று வாடிக்கையாளர்கள் தாங்களாகவே வாட்ஸ்அப்பில் எழுதுகிறார்கள். அண்ணி நன்றி சொல்லிவிட்டு, மருத்துவரிடம் காட்டச் சொல்வார். அதைப் படம்பிடித்து விளம்பரமாகப் போடலாமா என்று மட்டும் என்னைக் கேட்பதில்லை.