தனுஷ்கோடியில் ஒருவழியாகப் பிரித்தாயிற்று: சின்ன மணல் உப்புக்கொத்தியும் பெரியதும்

மணல் உப்புக்கொத்தி என்ற கரைப்பறவையைச் சின்னது, பெரியது என்று இனம் பிரிப்பார்கள். மூன்று சீசனாக என் நோட்டில் ‘மணல் உப்புக்கொத்தி, சின்னதா பெரியதா?’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். இந்த ஜனவரியில் தனுஷ்கோடியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன, இந்தத் தடவை பிரித்துவிட்டேன். அந்த மகிழ்ச்சியில்தான் எழுத உட்கார்ந்தேன்.

மொத்தம் 14 பேர். விடிந்ததும் கோதண்டராமர் கோவில் பக்கம் இறங்கினோம். கூட்டிப்போன அண்ணன் ராமநாதபுரத்துக்காரர். நேரத்தில் ரொம்பக் கறார். எட்டரையைத் தாண்டினால் மணலில் கானல் எழும்பி டெலஸ்கோப்பில் அலகே நெளியும் என்றார். போன வருடம் நான் ஒன்பது மணிக்கு மேல் போய் வெறும் கானலைத்தான் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.

பூநாரை, கல்திருப்பி, கொசு உள்ளான் எல்லாம் இருந்தன. அவற்றை வேகமாக எண்ணி முடித்துவிட்டு, வெயிலை முதுகுக்கு வைத்து மணலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். பத்து நிமிடத்தில் உப்புக்கொத்திகள் தாமாகவே எங்கள் பக்கம் மேய்ந்து வந்தன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உருவத்தை நம்பவே கூடாது. தனியாக நின்றால் எல்லாமே பெரியதாகத்தான் தெரியும். அலகு தொடங்கும் இடத்திலிருந்து கண்ணின் பின் ஓரம் வரை ஓர் அளவு. அலகின் நீளம் அதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் சின்னது, தாண்டினால் பெரியது. இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். நான் கோட்டை விட்டது வேறு இடத்தில். பறவை துளி முகம் திருப்பினாலும் அலகு குட்டையாகிவிடும். சரியான பக்கவாட்டுக்காகக் காத்திருக்க வேண்டும். 212 படம் எடுத்ததில் அளக்கத் தேறியது 9தான்! வீட்டில் ஒரு காகிதத் துண்டில் அலகின் நீளத்தைக் குறித்து, அதை அப்படியே கண்ணின் மேல் வைத்துப் பார்த்தேன். இதைவிட நல்ல கருவி இதற்கு இல்லை.

அளவு இழுபறியானால் அலகின் நுனியைப் பார்க்கலாம். சின்னதற்கு மொண்ணை, பெரியதற்கு நீண்டு கூராக முடியும். கால் நிறத்தை நான் இனி பார்க்கப்போவதில்லை, சேறு பூசினால் எல்லாக் காலும் ஒன்றுதான். “நெறத்த விடுங்க தம்பி, முட்டிக்கு மேல எவ்வளவு காலு தெரியுதுன்னு பாருங்க” என்றார் அண்ணன். பெரியதற்கு அங்கே நீளம் நன்றாகவே தெரிகிறது.

வாடைக்காற்றில் என் ட்ரைபாட் படுத்திய பாடு தனிக்கதை. பழையது வாங்கியது. தலைப்பகுதி புதிது மாதிரி என்று சொல்லி விற்றார்கள், மூன்றே வாரத்தில் டெலஸ்கோப் தானாகக் குனிய ஆரம்பித்துவிட்டது. பணம் போன வருத்தம் இன்னும் தீரவில்லை. கால்களைக் குட்டையாக்கி, நடுவில் மணல் நிரப்பிய பையைத் தொங்கவிட்டதும் ஓரளவு அடங்கியது. பழையது வாங்குபவர்கள் டெலஸ்கோப்பை மாட்டிக் கால்மணி நேரமாவது விட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் அனுமன் உப்புக்கொத்தியை 2023இல் கெண்டிஷ் உப்புக்கொத்தியிலிருந்து தனி இனமாகப் பிரித்தார்கள். சேதுவை வைத்து வந்த பெயர். அதற்காகவே இந்தக் கரைக்கு இன்னொரு முறை வர வேண்டும். வெறும் மணலில் முட்டையிடும் பறவை அது. கரை மணலில் வண்டி ஓட்டிப் பழகியவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

அதற்கு முன் மார்ச் கடைசியில் கோடியக்கரை. இனப்பெருக்க நிறம் ஏறும் நேரம். நெஞ்சில் செந்நிறப் பட்டை அகலமாக இருந்தால் சின்னது, ஒடுக்கமாக இருந்தால் பெரியது என்பதை நேரில் ஒத்துப் பார்க்க வேண்டும்.

9 படத்தில் 8 முடிந்தது: ஆறு சின்னது, இரண்டு பெரியது. ஒன்று மட்டும் அடம்பிடிக்கிறது. அலகு கண்ணின் பின் ஓரத்தோடு நிற்கிறதா, துளி தாண்டுகிறதா என்று சொல்ல முடியவில்லை, நுனியில் சேறு, முட்டி தண்ணீருக்குள். அதே பறவையை வேறு கோணத்தில் யாராவது எடுத்திருக்கிறார்களா என்று குழுவில் கேட்டிருக்கிறேன்.