எம்.டி. மனநல மருத்துவம் முடித்தாயிற்று: உள்ளே வருகிறவர்களுக்கு

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். நான்கு தியரி பேப்பர், ஒரு நோயாளியை விரிவாகப் பரிசோதித்துச் சொல்லும் லாங் கேஸ், வைவா எல்லாம் பயந்த அளவுக்கு இல்லை. என்னைப் படுத்தி எடுத்தவை காகிதங்கள்தான்.

குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சைக்கு வருபவர்களின் மனைவிமார்களுக்கு மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்பது என் தீசிஸ். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி வருமுன் யாரிடமும் கேள்வித்தாளை நீட்டக்கூடாது. என் கோப்போ கமிட்டி வரைக்கும் போகவே இல்லை. தமிழ் ஒப்புதல் படிவத்தில் ஒரு தேதி, ஆங்கிலத்தில் ஒரு தேதி என்று அலுவலகத்தில் திருப்பினார்கள். சரி, மாற்றிக் கொடுத்தேன். அப்புறம் கைடு (ஆய்வு வழிகாட்டி) கையெழுத்து நீல மையில் இல்லையாம். இதையும் அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றால், “நீங்க கேக்கலையே டாக்டர்!” அதற்குள் கமிட்டிக் கூட்டம் முடிந்துவிட்டது. அடுத்தது எப்போது என்று அந்த அலுவலகக்காரருக்கே தெரியவில்லை. தியரி தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸ் போய்ச் சேர வேண்டும் என்பதால் நாள்கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்.

பயிற்சியில் செய்ததையெல்லாம் பதியும் லாக்புக் இன்னொரு தலைவலி. நியூராலஜி போஸ்டிங்குக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர், “நான் பாக்காத வேலைக்கு எப்படிப் போடறது?” என்றார். நியாயம்தான். பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தேன். மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணியிலும் சான்றிதழ் கைக்கு வராமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

அந்த லாக்புக்கில் எத்தனை இசிடி (மின் அதிர்வுச் சிகிச்சை) பார்த்தோம் என்பதற்குக் கட்டம் உண்டு. ராத்திரி மெடிசின் (பொது மருத்துவ) வார்டிலிருந்து வரும் போனுக்குக் கட்டம் கிடையாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தது அந்தப் போன்தான். “என்னென்னமோ பேசறார், உங்க வார்டுக்கு எடுத்துக்கங்க” என்பார்கள். ஒருமுறை, குடியை நிறுத்தி மூன்றாம் நாள் ஆனவர். இடம், நேரம் தெரியவில்லை. சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். கைநடுக்கம், காய்ச்சல் வேறு. டெலிரியம் ட்ரெமன்ஸ் (குடியைத் திடீரென நிறுத்துவதால் வரும் மனக்குழப்பம்), உயிருக்கே ஆபத்து, மெடிசினில்தான் இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) போடுங்கள், சோடியம் பாருங்கள் என்றேன். சோடியம் படுகுறைவாக வந்தது. அதன்பிறகு அந்த யூனிட்டில் “எடுத்துக்கங்க” போய், “வந்து பாருங்க” வந்தது. மெடல் கொடுத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன்.

2017 மனநலச் சட்டத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். ஒருவரைக் கயிற்றால் கட்டிக் கூட்டிவந்து, “உடனே அட்மிட் பண்ணுங்க” என்று உறவினர்கள் சத்தம் போடும்போது புத்தகம் புரட்ட முடியாது. நோயாளி சார்பில் அவருடைய பிரதிநிதி கேட்டுச் சேர்க்கும் 89ஆம் பிரிவில் இருவர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். 94ஆம் பிரிவின் அவசர சிகிச்சை பொதுவாக அதிகபட்சம் 72 மணி நேரம்தான். வைவாவில் எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) என்னைப் பிடித்ததும் இதிலேயே. கேஷுவாலிட்டியில் பட்டுத் தேறியிருந்ததால் பதில் தானாக வந்தது.

சர்டிபிகேட்டுக்கு நூலக நோ-டியூ சீட்டு வேண்டும். மூன்று மணிக்கே பூட்டிவிடுகிறார்கள், காலையிலேயே போய்விடுங்கள்.