அப்பாவின் வலது கண்ணுக்காக மூதூரிலிருந்து நான்கு தடவை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பாவுக்குச் செய்த கண்புரை ஒப்பரேஷன் லேசர் இல்லை. எங்கள் ஒழுங்கை முழுக்க 'லேசர் பிடிச்சு எடுத்தது' என்றுதான் கதை. திருமலையில் (திருகோணமலை) நாங்கள் போன தனியார் இடத்தில் காசு கட்டும் கவுண்டரில் இருந்த தங்கச்சியும் துண்டில் லேசர் என்றே எழுதித் தந்தாள். அப்பாவுக்குச் செய்தது பேக்கோ, அதாவது அல்ட்ராசவுண்டால் கண்புரையை உடைத்து உறிஞ்சி எடுப்பது. அந்த வேலை இருபது நிமிஷம்கூடப் போகவில்லை. அதற்கு முன்னால் கிண்ணியா பாலத்தைத் தாண்டித் தாண்டி நாங்கள் அலைந்ததுதான் கதை.

முதல் தடவை போனது உள்ளே வைக்கிற லென்ஸுக்கு அளவெடுக்க. வெளிச்சத்தால் அளக்கும் மெஷினில் நாடியை வைக்கச் சொன்னார்கள், வைத்தார், ஒன்றும் விழவில்லை. திரும்ப வைத்தார், அப்போதும் இல்லை. புரை அவ்வளவு முற்றிவிட்டதாம், வெளிச்சம் ஊடுருவவில்லை. இதில் என் பிழையும் உண்டு. 'நல்லா முத்தட்டும், முத்தினால்தான் வெட்டலாம்' என்று யாரோ சொன்னதைக் கேட்டு இரண்டு வருஷம் இழுத்தடித்தோம். அது பழைய காலத்துக் கதை. பேக்கோவில் புரை கடினமாக ஆக ஆக அதை உடைக்க அல்ட்ராசவுண்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். கூடக் கொடுத்தால் கண்ணின் முன்பக்கக் கண்ணாடி மாதிரியான படலத்தின் (கோர்னியா) உட்பக்கக் கலங்கள் அடிபடும், அவை திரும்ப வளராது. உங்கள் வீட்டில் யாராவது முத்தட்டும் என்று காத்திருந்தால் தயவுசெய்து இன்றைக்கே கூட்டிப் போங்கள்.

சரி, வேறு வழி? கண்ணில் மெல்லத் தொட்டு அல்ட்ராசவுண்டால் நீளம் அளக்கிற மெஷின் இருக்கிறதாம், ஆனால் அதைப் பிடிக்கிறவர் புதன்கிழமைதான் வருவாராம். அன்று வெள்ளி. போனில் பதியும்போதே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். 'நீங்கள் கேக்கேல்லையே' என்றாள் தங்கச்சி. அந்தப் பதில் இன்னும் காதுக்குள் நிற்கிறது.

புதன்கிழமை போய் அளவெடுத்தோம். கண் நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் பிசகினாலே பிறகு கண்ணாடிப் பவர் இரண்டரை, மூன்று என்று மாறிவிடும், அதனால் ஒரு தடவை அளந்து எழுதிவிட்டால் விடாதீர்கள், திரும்ப எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதே நாளில் வெறும் வயிற்றில் இரத்தச் சோதனை. சீனி 238! வீட்டில் ஒழுங்காகக் குளிசை போடுகிற மனுசன், எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. வெளியே வந்து கேட்டபோதுதான் சொல்கிறார், பஸ் நின்ற இடத்தில் நான் தண்ணீர்ப் போத்தல் வாங்கப் போன நேரம் வாய் காய்ந்ததென்று ஒரு பிளேன்டீ குடித்தாராம். சீனி போட்டதா என்றேன். 'சீனி இல்லாம என்ன பிளேன்டீ?' நேர்ஸ் மிஸ்ஸியிடம் உண்மையைச் சொன்னேன். அவ சிரித்துவிட்டு, அடுத்த கிழமை ஊரிலேயே செய்து றிப்போட்டைக் கொண்டுவரச் சொன்னா. அது 126 வந்தது.

மூன்றாவது தடவை ஒப்பரேஷன் என்றே போனோம். கண்மணி விரிய சொட்டு மருந்து விட்டாயிற்று. என்னென்ன குளிசை என்று டொக்டர் கேட்டார். அப்பா 'பிரஷர், சீனி' என்று நிறுத்திக்கொண்டார். வாட்டில் நாலு பேருக்கு முன்னால் சலம் போகிற குளிசையைச் சொல்ல வெட்கம் போல. நான் இடையில் புகுந்து சொன்னதும் டொக்டரின் முகம் மாறியது, பெயர் என்ன என்றார். எங்களுக்குத் தெரியாது, கிளினிக் கொப்பி வீட்டில். மனைவிக்குப் போன் போட்டு குளிசைப் பட்டையைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். டாம்சுலோசின்.

இந்தப் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புரஸ்டேட் வீக்கத்துக்கு வயதான ஆண்கள் நிறையப் பேர் போடுவது. அங்கே தசையைத் தளர்த்துகிற மாதிரியே கண்மணியை விரிக்கிற தசையையும் தளர்த்திவிடும். மணி சரியாக விரியாது, அதைச் சுற்றியிருக்கிற கருவிழிப் படலம் துணி மாதிரி ஆடி, ஊசி முனைக்கு வந்துவிடும். முன்கூட்டியே தெரிந்தால் படலத்தைப் பிடித்து வைக்கச் சின்னக் கொக்கிகள் போட்டுச் சமாளிப்பார்கள், அன்று அவை கையில் இல்லை. இரண்டு கிழமை நிறுத்திவிட்டு வரட்டுமா என்றேன். நிறுத்தியும் பிரயோசனம் இல்லையாம், முன்பு போட்டிருந்தாலே போதுமாம். நீங்களாக நிறுத்தவேண்டாம் என்றும் சொன்னார். எரிச்சலோடு திரும்பினோம், ஆனால் வாய் திறந்தது நல்லதாய்ப் போயிற்று.

நான்காவது தடவை எல்லாம் சரி. கண் விறைக்க மருந்து, இரண்டு மூன்று மில்லிமீற்றர் வெட்டு, விநாடிக்குச் சுமார் 40,000 தடவை அதிரும் டைட்டேனியம் ஊசி, மடித்துப் போட்ட லென்ஸ், தையல் இல்லை. இரண்டாம் தடவை புதன்கிழமை கண் நீளம் அளந்ததும் அல்ட்ராசவுண்ட்தான், ஆனால் அது விநாடிக்கு ஒரு கோடி அளவில் ஓடுவது. இது அதைவிட எவ்வளவோ மெதுவானது, அதனால்தான் உடைக்க உதவுகிறது. அப்பா வெளியே வந்து, 'பல்லுக் கல் எடுத்த மெஷின் மாதிரித்தான் கிடந்தது' என்றார். தேடிப் பார்த்தால் உண்மையிலேயே அங்கிருந்துதான் வந்திருக்கிறது: நியூயோர்க்கின் சார்ள்ஸ் கெல்மன் என்ற கண் டொக்டருக்குப் பல் டொக்டரின் கதிரையில் இருக்கும்போதுதான் இந்த யோசனை வந்ததாம், 1967இல் அதைச் செய்தும் காட்டியிருக்கிறார். ஆனால் அப்பா கேட்ட சத்தம் அல்ட்ராசவுண்ட் இல்லை, அது மனுசக் காதுக்கே கேட்காது. மெஷின் டொக்டருக்குக் கொடுக்கிற சத்தம் அது.

காசு கட்டும்போது இன்னொரு சண்டை. முதலில் சொன்ன தொகையில் லென்ஸ் சேரவில்லை என்றாள் அதே தங்கச்சி. அவள் கையாலே எழுதிய துண்டை நான் எறியாமல் வைத்திருந்தேன், அதில் 'லென்ஸ் உட்பட' என்று கிடந்தது. அந்த லேசர்த் துண்டேதான்.

அன்றிரவு உவர்மலையில் மச்சாள் வீட்டில் தங்கினோம், மறுநாள் கட்டவிழ்க்க வேண்டும், அதற்காக மூதூர் போய்த் திரும்ப வர என்னால் முடியாது. கட்டை எடுத்ததும் வாசலில் நின்ற மானைப் பார்த்து, 'இதுக்கு இவ்வளவு புள்ளியா' என்றார். நான்கு கிழமைக்கு சொட்டு மருந்து, கசக்கக் கூடாது, தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. நோ கூடினால், கண் சிவந்தால், பார்வை குறைந்தால் அன்றைக்கே ஓடிவரச் சொன்னார்கள். லென்ஸின் அட்டையைக் கேட்டு வாங்குங்கள், அதில் பவர் இருக்கும்.

இடது கண்ணுக்கும் திகதி எடுத்தாயிற்று. எல்லாக் குளிசைப் பட்டைகளும் கொப்பியும் ஒரே பையில். இந்தத் தடவை தண்ணீர்ப் போத்தல் வீட்டிலிருந்தே வரும், பஸ்ஸில் இறங்கி அப்பாவைத் தனியே விடுகிற எண்ணம் இல்லை.