காகித ஆலைக் கசடும் பிரிய மறுக்கும் தண்ணீரும்

காகித ஆலைகளின் கழிவுநீர் நிலையத்தில் இரண்டு வகைக் கசடு சேர்கிறது. முதல் தெளிவிப்புத் தொட்டியின் அடியில் தங்குவது நாரும் களிமண்ணும் சுண்ணாம்பும் கலந்த சாம்பல் நிறக் கூழ். அதை அள்ளிப் பிழிந்தால் நீர் வழிந்தோடி, கையில் நாருருண்டை மிஞ்சும். முட்டைத் தட்டும் மட்டரக அட்டையும் செய்பவர்கள் அதை விலைகொடுத்தே வாங்கிச் செல்வதுண்டு. காற்றூட்டத் தொட்டியில் கழிவைத் தின்று பெருகிய நுண்ணுயிர்களாலான உயிரிக் கசடோ, பிழிந்தால் நீரை விடாது. கசடே விரலிடுக்கில் வழுக்கி வெளியேறிவிடும்.

அதன் நீரில் கணிசமான பங்கு உயிரணுக்களுக்குள்ளும் அவற்றைச் சூழ்ந்த பிசினிலும் சிக்கியிருப்பதே காரணம். துகள்களைத் திரட்டும் பாலிமர் சேர்த்து, இரு பட்டைகளுக்கிடையே நசுக்கிப் பிழியும் பெல்ட் பிரஸ்ஸில் அழுத்தினாலும், தனியாக ஓட்டும்போது திடப்பொருள் 15 விழுக்காட்டைத் தாண்டுவது கடினம் என்பதால், நார்க் கசட்டையும் கலந்தே ஓட்டுவது வழக்கம். ஆனால் ஆலைகள் நாரை வீணாக்காமல் மீட்கத் தொடங்கிய பிறகு, கலப்பதற்கான நார்க் கசடே குறைந்துவருகிறது. எரித்துவிடலாம் என்றாலோ, கொதிக்கும் நிலையில் ஒரு கிலோ நீரை ஆவியாக்கவே ஏறத்தாழ 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். ஈரக் கசட்டைக் கொதிகலனில் போடுவது, என்னைக் கேட்டால், எரிபொருளைச் செலவழித்துத் தண்ணீர் காய்ச்சும் வேலைதான்.

கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் டி.என்.பி.எல். என்னும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் சுண்ணாம்புக் கசட்டிலிருந்து சிமெண்ட் செய்கிறதே என்று சிலர் கேட்கக்கூடும். அது வேதிப்பொருள் மீட்புப் பிரிவிலிருந்து வரும் கனிமக் கசடு. உயிரிக் கசட்டுக்கு அந்த வழி உதவாது.

இந்தச் சிக்கலுக்கு இப்போதுள்ள வழிகளில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது நீர்வெப்பக் கரியாக்கம். 1913-லேயே செருமானிய வேதியியலாளர் பிரீட்ரிக் பெர்கியூஸ் விவரித்த வினைதான் இது என்றாலும், காகித ஆலைக் கசட்டுக்கு அதைத் தொழிற்சாலை அளவில் பயன்படுத்தியது அண்மையில்தான்: பின்லாந்தின் ஹெய்னோலாவில் உள்ள ஸ்டோரா என்சோ ஆலையில் ஸ்வீடனின் சி-கிரீன் நிறுவனம் அத்தகைய நிலையத்தை அமைத்தது. கசட்டை ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸில், நீர் ஆவியாக விடாத அழுத்தத்தில் வைத்திருந்தால், உயிரணுச் சுவர்கள் உடைந்து, சிக்கியிருந்த நீர் விடுபடுகிறது. அதன்பின் வடிதுணி வழியே நீரைப் பிழியும் சாதாரண ஃபில்டர் பிரஸ்ஸிலேயே எரிக்கத்தக்க கரிக்கட்டி கிடைத்துவிடும். பிரிந்த நீரில் கரைந்திருக்கும் கரிமப் பொருளின் ஒரு பகுதியை ஆக்சிஜன் செலுத்தி வினைப்படுத்தி, அந்த வெப்பத்தையே உலைக்குத் திருப்புவதுதான் இந்த நிறுவனத்தின் சாமர்த்தியம்.

வெளியேறும் நீர் எளிதில் சிதையாத கரிமப் பொருளையும் அம்மோனியாவையும் சுமந்தபடி மீண்டும் காற்றூட்டத் தொட்டிக்கே வருகிறது என்பதால், விற்பனையாளர் காட்டும் கணக்கில் நான் முதலில் தேடுவது அந்தத் திரும்புநீரின் சுமையைத்தான். நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களுக்கு அந்த அம்மோனியா தலைவலி. காகித ஆலைக் கழிவுநீரிலோ நைட்ரஜன் பற்றாக்குறை. நுண்ணுயிர்கள் வளர யூரியா மூட்டைகளைப் பிரித்துக் கொட்டுகிறோம். கரியாக்கத்திலிருந்து திரும்பும் நீர் அந்தச் செலவில் ஒரு பகுதியைக் குறைக்கும்.