டி0-ஐ ஆர்எஸ்டியோடு சேர்த்தாச்சு, இன்னும் எழவில்லை

2024 ஜூன் 8, சனி

மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டம் பார்க்கிற ஈஎஸ்பி8266 வைஃபை போர்டு மறுபடி பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறது. கடைசி ரீடிங் நேற்று இரவு வந்தது. பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. ரீசெட் பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, பேட்டரியைக் கழற்றி மாட்டினால் உடனே ஓடுகிறது. இதை மட்டும் குறித்து வைக்கிறேன், பின்னால் உதவும்.

டீப் ஸ்லீப்பில் (பேட்டரி மிச்சமாக சிப் ஏறக்குறைய முழுக்க அணைந்து தூங்கும் நிலை) போனது எழவில்லை என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி, டி0 என்கிற பின்னை (இணைப்புக் கம்பியை) ஆர்எஸ்டியோடு, அதாவது ரீசெட் பின்னோடு, இணைத்தீர்களா என்பதுதான். நியாயமான கேள்வி. இந்தச் சிப் நேரம் முடிந்ததும் தானாக எழாது. உள்ளே இருக்கிற ஆர்டிசி என்கிற கடிகாரம், ஜிபிஐஓ16-ஐ (அதுதான் டி0) ஒரு கணம் லோ ஆக்கும், அதன் வேலை அதோடு முடிந்தது. அந்த பின்னும் ரீசெட் பின்னும் ஒயரில் சேர்ந்திருந்தால்தான் சிப் ரீசெட் ஆகி செட்டப்பிலிருந்து தொடங்கும். என்னுடையதில் ஒயர் இருக்கிறது, மல்டிமீட்டர் பீப் அடிக்கிறது, நேற்று வரை ஒழுங்காக எழுந்து டேட்டாவும் அனுப்பியிருக்கிறது. ஆகவே பிரச்சினை ஒயரில் இல்லை.

ஜூன் 9, ஞாயிறு

போர்டைக் கீழே கொண்டுவந்து சீரியல் மானிட்டரை (போர்டு அனுப்புகிற வரிகளைக் காட்டும் திரை) 74880 வேகத்தில் திறந்தேன். ஏன் இந்த விநோதமான எண் என்றால், சிப்புக்குள்ளேயே பதித்திருக்கிற தொடக்க நிரல் (ரோம்) 40 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் இருப்பதாக நினைத்துக்கொண்டு 115200-இல் பேசுகிறது, போர்டில் இருப்பதோ 26. கணக்குப் போட்டால் 74880. வழக்கமான 115200-இல் பார்க்கிறவர்களுக்கு இந்த வரிகள் குப்பை எழுத்தாகத் தெரியும், அதனால் பலர் இதைப் படிப்பதே இல்லை. முழு விஷயமும் அங்கேதான் இருக்கிறது.

ஸ்லீப் நேரத்தைச் சில விநாடிகளாகக் குறைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒழுங்காக எழும்போது ரீசெட் காரணம் 5, பூட் மோட் (3,6), அதற்குக் கீழே நிரலை ஏற்றுகிற லோட் வரிகள். மாட்டிக்கொண்டபோது அதே 5, அதே (3,6), அதன்பிறகு எதுவுமே இல்லை.

5 என்றால் டீப் ஸ்லீப்பிலிருந்து எழுந்தது. அதாவது டைமர் வேலை செய்தது, ஒயர் வேலை செய்தது, ரோமும் ஓடியது. என் நிரல் இருக்கிற ஃபிளாஷ் மெமரியிலிருந்து அதைப் படிக்க வேண்டிய இடத்தில்தான் நின்றுவிட்டது. எழவில்லை என்று இதைச் சொல்லக்கூடாது, எழுந்து உட்கார்ந்துவிட்டு அதற்கு மேல் நகரவில்லை. இப்படி நிற்கும்போது மின்னோட்டம் சில பத்து மில்லிஆம்பியர் போகிறது. தூங்கினால் சிப்புக்கு 20 மைக்ரோஆம்பியர் போதும். பேட்டரி ஏன் இவ்வளவு வேகமாகக் காலியாகிறது என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது.

ஜூன் 12, புதன்

சித்தப்பா பையன் கூப்பிட்டான். "அண்ணா, என் போர்டும் அதே மாதிரிதான், தூங்குது, எழ மாட்டேங்குது." சீரியலைப் பார்க்கச் சொன்னேன். அவனுக்குப் பூட் மோடில் முதல் எண் 1. அது வேறு நோய். அந்த எண் ஜிபிஐஓ15, 0, 2 மூன்றும் எழும் நேரத்தில் என்ன நிலையில் இருந்தன என்பதைச் சொல்கிறது; 3 என்றால் ஃபிளாஷிலிருந்து ஓடும், 1 என்றால் ஜிபிஐஓ0 லோவாக இருக்கிறது, புதிய நிரல் ஏற்றுவார்கள் என்று காத்துக்கொண்டிருக்கும். அவன் கதவு சுவிட்சை டி3-இல் கொடுத்திருக்கிறான், டி3-தான் ஜிபிஐஓ0. கதவு மூடியிருக்கும்போது எழுந்தால் மாட்டிக்கொள்ளும். டி5-க்கு மாற்றினான், சரியாகிவிட்டது.

இரண்டு மணி நேரம் தூங்க வைக்கலாமா என்றும் கேட்டான். பழைய கோரில் (இந்தச் சிப்புக்கு நிரல் எழுத உதவும் அர்டுயினோ மென்பொருள்) நேரம் 32 பிட் மைக்ரோ விநாடியில் போகிறது, அதனால் 71 நிமிடம் சொச்சம்தான் உச்சம். புதிய கோரில் மூன்று மணி நேரத்துக்கு மேலும் போகலாம், ஆனால் உச்ச நேரத்தைச் சொல்கிற டீப்ஸ்லீப்மேக்ஸ் ஃபங்ஷன் என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டு போவது நல்லது. எப்படியும் நிமிஷம் பிசகாமல் எழும் என்று நம்பக்கூடாது, உள்ளே இருக்கிற கடிகாரம் வெயிலுக்கு ஒரு மாதிரி ஓடும், ராத்திரிக்கு ஒரு மாதிரி ஓடும்.

ஜூன் 15, சனி

எழும்போது வோல்ட் இறங்குகிறதோ என்று 3.3 வோல்ட் லைனில் 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுப் பார்த்தேன். மாற்றமில்லை. அதே நிரலை வேறு சமயம் வாங்கிய இன்னொரு போர்டில் ஏற்றினேன், ஒரு தடவைகூட மாட்டவில்லை. இரண்டிலும் ஃபிளாஷ் ஐடியைப் படித்தால் வேறு வேறு தயாரிப்பாளரின் ஃபிளாஷ். போர்டை மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், தகர மூடிக்குள் என்ன வைத்தார்கள் என்பது வாங்குகிறவனுக்குத் தெரியாது.

போன சனிக்கிழமை ரீசெட் பட்டனைப் பற்றிக் குறித்தது இப்போது பொருந்துகிறது. டீப் ஸ்லீப்பிலும் ஃபிளாஷுக்கு மின்சாரம் நிற்பதில்லை, ரீசெட் பின் அதைத் தொடுவதும் இல்லை. அது ஏதோ ஒரு நிலையில் சிக்கினால் ரீசெட் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் அப்படியேதான் இருக்கும், மின்சாரத்தை அறுத்தால்தான் விடும். என் ஊகம் இதுதான், அறிகுறி எல்லாம் இதற்கு ஒத்துப்போகிறது. நிரலில் டிலே சேர்த்து இதைச் சரிசெய்யலாம் என்பவர்கள் பேச்சு எனக்குப் புரியவில்லை, நிரலே ஓடாத இடத்தில் டிலே என்ன செய்யும்?

நல்ல போர்டு மாடிக்குப் போகிறது.

ஜூன் 22, சனி

பழைய போர்டைத் தூக்கிப்போட மனசில்லை, டிபிஎல்5110 டைமர் வாங்கினேன். 35 நானோஆம்பியரில் உட்கார்ந்துகொண்டு, ரெசிஸ்டர் மதிப்பைப் பொறுத்து இரண்டு மணி நேரம் வரை எண்ணி, போர்டுக்கு மின்சாரத்தையே திறந்து மூடுகிறது. வேலை முடிந்ததும் அதன் டன் (DONE) பின்னை ஹை ஆக்கினால் மொத்தமாக அணைந்துவிடும். ஃபிளாஷும் சேர்ந்து அணைகிறது என்பதுதான் இதில் எனக்கு லாபம்.

நஷ்டமும் உண்டு. வைஃபை சீக்கிரம் இணைய சேனலையும் பிஎஸ்எஸ்ஐடியையும் (ரவுட்டரின் அடையாள எண்) டீப் ஸ்லீப்பிலும் அழியாத ஆர்டிசி மெமரியில் வைத்திருந்தேன், மின்சாரம் போனால் அந்த 512 பைட்டும் போய்விடும். இப்போது ஃபிளாஷில் எழுதுகிறேன், ஆனால் சேனல் மாறினால் மட்டும். ஒவ்வொரு தடவையும் எழுதினால் ஃபிளாஷ் தேயும்.

இதைச் செய்கிறவர்களுக்கு ஒன்று: டன்னை டி1 அல்லது டி2-இல் கொடுங்கள். அவை பூட் ஆகும்போது லோவாகவே இருக்கும். டி0 எழுந்தவுடனே ஹை ஆகும், அங்கே கொடுத்தால் போர்டு கண் திறந்த கணமே தன் மின்சாரத்தைத் தானே அணைத்துக்கொள்ளும், அப்புறம் அதையும் எழவில்லை என்றுதான் சொல்வீர்கள்.