சல்லிக்காசு செலவில்லாத கிலுகிலுப்பை

மருமகனுக்குப் பல்லு முளைத்த செய்தி, சம்பளத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வந்தது. தங்கச்சி போனில் சொன்னாள்: "அண்ணா, கீழ்ப்பல்லு ரெண்டு வெள்ளையாத் தெரியுது. வாற ஞாயிறு கொழுக்கட்டை கொட்டுறம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

பிள்ளைக்குப் பல்லு வந்ததில் எனக்குச் சந்தோசம்தான். ஆனால் தாய்மாமன் வெறுங்கையோடு போய் நிற்க ஏலாது. பிள்ளை பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்குப் போட்ட பஞ்சாயுத நகைக்காக ஈடு வைத்த மனைவியின் காப்பு இன்னும் வீடு திரும்பவில்லை. இப்போது பவுண் விற்கிற விலைக்கு நகைக்கடைப் பக்கம் பார்த்தாலே காசு கேட்பார்கள் போலிருக்கிறது.

கிளிநொச்சிக்குப் போன அலுவலோடு ஒரு கடையில் நுழைந்து பார்த்தேன். பிளாஸ்டிக் கிலுகிலுப்பை 950 ரூபா. ஆட்டிப் பார்த்தேன், உள்ளே இரண்டு மணி. ஒரு மணிக்கு 475 ரூபா என்று மனதுக்குள் பிரித்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு விசுவமடு பஸ் ஏறினேன்.

"ஏன்டா தம்பி, உன்னை நான் என்ன பிளாஸ்டிக் ஆட்டியே வளர்த்தனான்? ஓலையிலை இழைச்சுக் குடுப்பம். சல்லிக்காசு செலவில்லை" என்றார் அம்மா.

அந்தக் கடைசி வசனத்தை நான் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

ஓலை என்றால் ஏதோ விழுந்து கிடக்கிற காவோலை என்று நினைத்துவிட்டேன். அதில் பாம்பு படுக்கலாம், அடுப்பு மூட்டலாம், வேறொன்றுக்கும் உதவாது. இழைப்பதற்கு விரியாத குருத்து வேண்டும். வளர்ந்த பனையில் ஏற ஆளும் இல்லை, அதற்குக் கூலி கொடுக்கக் காசும் இல்லை. எனவே வடலி, உயராத இளம்பனை. எங்கள் வளவில் இருப்பது தென்னை, பக்கத்து வளவு அண்ணையின் வேலியோரத்தில்தான் வடலிகள் நிற்கின்றன. கேட்டேன். "ஒரு வடலியிலை ஒரு குருத்துத்தான். ரெண்டாவதிலை கை வைச்சா உன்ரை கையை வெட்டுவன்" என்று அனுமதி தந்தார். வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு போய்த்தான் கேட்டேன், அது 250 ரூபா. கணக்கு இங்கேதான் தொடங்கியது.

வடலிக்குள் நுழைந்தவர்களுக்குத்தான் கருக்கு மட்டை என்றால் என்னவென்று தெரியும். மட்டையின் இரண்டு கரையும் அரிவாள் பல்லு. குருத்தோ நட்ட நடுவில், கோயில் மூலஸ்தானத்தில் சாமி இருப்பதுபோல இருக்கும். கத்தியை நீட்டி முதல் குருத்தை வெட்டினேன், கையில் ஒரு கீறல். இரண்டாவதை வெட்டிவிட்டுப் பின்னால் வந்தேன், இடுப்பில் கட்டியிருந்த சாரம் வரவில்லை. மட்டை பிடித்துக்கொண்டது. நான் இழுக்க, அது இழுக்க, கடைசியில் இரண்டு பேருக்கும் பாதி பாதி. போன தீபாவளிக்கு வாங்கிய சாரம், 1,450 ரூபா. வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணை மரியாதையாக வேறு பக்கம் திரும்பி நின்றார். சிரித்ததால் அவர் தோள் மட்டும் குலுங்கியது.

குருத்தை விரித்து வெயிலில் காயப்போட்டோம். ஓரளவு காய்ந்து வெள்ளையாக வந்தவுடன் ஈர்க்கைக் கழற்றி ஓலையை வார வேண்டும். அம்மா வாரினால் எல்லாம் ஒரே அகலம். நான் வாரியது ஒரு பக்கம் விரல் அகலம், மறுபக்கம் நூல். "உதைக் கோழிக்குக் கட்டு" என்று ஒதுக்கிப் போட்டார். பிறகுதான் அம்மாவுக்கே கண்ணாடியின் ஒரு கால் ஆடுவது நினைவு வந்தது. அதைத் திருத்த 600 ரூபா.

இதற்குள் நான் இன்னொரு கெட்டித்தனம் செய்துவிட்டேன். வடிவாக இருக்கட்டும் என்று சாயப்பொடி இரண்டு பக்கெற், 300 ரூபாவுக்கு வாங்கி வந்தேன், ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. மணிக்குப் பதிலாக உள்ளே போட, வேலியில் படர்ந்திருந்த கொடியிலிருந்து குன்றிமணி பிடுங்கிக்கொண்டு வந்தேன். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க என்ன வடிவு! அம்மா இரண்டையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"குன்றிமணி நஞ்சு. இழை விட்டு வெளியிலை வந்து பிள்ளை கடிச்சா என்ன செய்வாய்? பல்லு முளைக்கிற பிள்ளை எல்லாத்தையும் வாயிலைதான் வைக்கும். சாயம் ஊறினா அதுவும் வயித்துக்குள்ளைதான். உனக்கு ரெண்டு பிள்ளையள் பிறந்து என்னடா பிரயோசனம்?"

பதில் இல்லை. சாயப்பொடி இப்போதும் சமையலறைத் தட்டில், மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்கும் ஒரு நாள் கதை வரும் என்று மனைவி சொல்கிறாள். நிறத்துக்கு மஞ்சள் கரைத்த தண்ணீரில் நாலைந்து ஓலையைப் போட்டு அவித்தோம். ஓலை லேசாக மஞ்சளானது. பானை, அகப்பை, என் விரல்கள், மனைவியின் முகபாவம் எல்லாம் நன்றாகவே மாறின. மணிக்கு, தாயம் விளையாட அம்மா போத்தலில் போட்டு வைத்திருந்த புளியங்கொட்டையில் ஒன்பது.

இழைப்பதைப் பார்க்க வேண்டும். ஈரத்துணியால் ஓலையைத் துடைத்துப் பதமாக்கிக்கொள்வார், காய்ந்த ஓலை மடித்தால் வெடிக்கும். அடி எழும்பி, மூலை திரும்பி, சின்னப் பெட்டிபோல வந்ததும் கொட்டைகளை உள்ளே போட்டு மூடி, மிஞ்சிய ஓலைகளை முறுக்கிப் பின்னிக் கைபிடி ஆக்கிவிட்டார். ஒரு மணித்தியாலம். ஆட்டினால் மழைத்துளி தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். எனக்குள் ஒரு பெருமை வந்தது. நான் செய்ததெல்லாம் சாரத்தைக் கிழித்ததுதான் என்றாலும்.

ஞாயிறு காலை பரந்தன் போய், அங்கிருந்து மாங்குளம், பிறகு மல்லாவி பஸ். பஸ் கிளிநொச்சியைத் தாண்டும்போது மகள் தானும் ஒரு அன்பளிப்புச் செய்ததாகச் சொல்லி வாழ்த்து மட்டை ஒன்றைக் காட்டினாள். பழைய அழைப்பிதழை மடித்து, வெறும் பக்கத்தில் பல்லோடு ஒரு பிள்ளை கீறி, "தம்பிக்கு வாழ்த்துகள்" என்று எழுதியிருந்தாள். கரையெல்லாம் பொன்னிறப் பூ. வீட்டில் எறிய வைத்திருந்ததை எடுத்ததற்காகப் பாராட்டவே நினைத்தேன். மட்டையை விரித்தேன். உள்ளே குத்துவிளக்குப் படம், அதன் கீழே "அந்தியேட்டிக் கிரியைகளும் வீட்டுக்கிருத்தியமும்." செத்தவருக்குச் செய்கிற கிரியைக்கு வந்த அழைப்பு.

மாங்குளத்தில் இறங்கி, கடிதஉறையும் ஒட்டுகிற பசையும் 100 ரூபாவுக்கு வாங்கி, பஸ் தரிப்பில் குந்தியிருந்து நான்கு பக்கமும் ஒட்டினேன். யாரும் விரிக்க முடியாதபடி ஒட்டினேன். கைக்கீறலில் பசை பட்டு எரிந்ததால் பிளாஸ்டர் 60 ரூபா.

மல்லாவியில் வீடு நிறைய ஆட்கள். பிள்ளையை வெள்ளைத்துணியில் இருத்தி, தலைக்கு மேல் இன்னொரு துணியைப் பிடித்துக் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் உள்ளே, வாயில் தேங்காய்ச் சொட்டால் பல்லு வைத்த கொழுக்கட்டை. சின்னப் பிள்ளைகள் பாய்ந்து பொறுக்கினார்கள். அடுத்தது, பிள்ளைக்கு முன்னால் புத்தகம், பேனை, சங்கிலி, காசு எல்லாம் பரப்பி எதை எடுக்கிறான் என்று பார்க்கும் கட்டம். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சியின் மாமியார் கேட்டார்: "தாய்மாமன் என்ன கொண்டு வந்தவர்?"

வீடு அமைதியானது. கிலுகிலுப்பையை எடுத்துக் கொடுத்தேன். மாமியார் ஆட்டிப் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆர் இழைச்சது?"

"நான்தான் மச்சாள்" என்றார் அம்மா.

"மூலையிலை ஒரு இழை பிழைச்சுப் போச்சு."

எங்கள் அம்மாவை இருபது வருசமாக ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. "எங்கை?" என்றார். "இஞ்சை." "அது பிழையில்லை, நாங்கள் அப்பிடித்தான் திருப்புறது." "அப்பிடித் திருப்பினா மூண்டு நாளிலை நெகிழும் மச்சாள்." "நெகிழாது." "இந்தா பாருங்கோ" என்று மாமியார் நகத்தால் ஒரு இழையைத் தூக்க, அம்மா "விடுங்கோ நான் காட்டுறன்" என்று அடுத்ததைத் தூக்க, புளியங்கொட்டை ஒன்பதும் விறாந்தையெல்லாம் ஓடின. இருவரும் அதைக் கவனிக்கவில்லை. நிலத்தில் இருந்து, முழங்காலோடு முழங்கால் முட்ட, மூலையைத் திருப்பும் வழக்கை விசாரிக்கத் தொடங்கினார்கள். மற்றப் பொம்பிளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சுற்றி நின்றார்கள். மச்சான் போனில் வீடியோ எடுத்தார், அதுவும் அவர்களின் கைகளைத்தான்.

"ஐயோ, பிள்ளை!" என்று தங்கச்சி கத்தியபோதுதான் எல்லோரும் திரும்பினோம்.

பிள்ளை ஏதோ ஒன்றை எடுத்துவிட்டான், கை பொத்தியிருந்தது. எதை எடுத்தான் என்று ஒருவரும் பார்க்கவில்லை. புத்தகம், பேனை, சங்கிலி, காசு எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. கை வாய்க்குப் போகுமுன் நான் பாய்ந்து பிடித்து விரலை விரித்தேன். புளியங்கொட்டை.

மச்சானின் தகப்பன் நெடுநேரம் யோசித்துவிட்டு, "விதை எடுத்திருக்கிறான், கமக்காரன்" என்று தீர்ப்புச் சொன்னார். தாயக்கட்டை உருட்டுவான் என்று பின்னாலிருந்து யாரோ சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை. மற்ற எட்டுக் கொட்டையையும் பொறுக்கி எண்ணி முடித்த பிறகுதான் தங்கச்சி பிள்ளையை நிலத்தில் விட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கணக்குப் பார்த்தேன். 2,760 ரூபா, பஸ் காசு சேர்க்காமல். அந்தக் காசுக்குப் பிளாஸ்டிக் கிலுகிலுப்பை இரண்டு வாங்கி, மிச்சத்துக்கு ஒரு சாதாரண சாரமும் பார்த்திருக்கலாம். மனைவியிடம் சொல்லவில்லை, அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அம்மா ஜன்னலோரம் இருந்து வெளியே வடலிகளை எண்ணிக்கொண்டு வந்தார். கொக்காவில் தாண்டியபின் வாய் திறந்தார்.

"தம்பி, நாளைக்கு இன்னும் ரெண்டு குருத்து வெட்டோணும். அவவின்ரை முறையிலை ஒண்டு, என்ரை முறையிலை ஒண்டு இழைச்சு அனுப்பிறதெண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். எது முதல் நெகிழுதெண்டு பாப்பம்."