இடது கையில் ஒரு சிறகு

மார்ச் 2

இடது தோளிலிருந்து மணிக்கட்டு வரை டாட்டூ. கறுப்பு மட்டும்தான், வேறு நிறம் வேண்டாம். இவ்வளவுதான் முடிவாகியிருக்கிறது. என்ன வரைவது, யாரிடம் குத்திக்கொள்வது என்பதை இனிமேல்தான் தேட வேண்டும்.

மார்ச் 9

சேர்த்து வைத்திருந்த படங்களில் பாதி பசிபிக் தீவான சமோவாவின் வடிவங்களும் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் வடிவங்களும். இன்றுதான் அவற்றைப் பற்றி நிதானமாகப் படித்தேன். சமோவாவில் ஆண்கள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்திக்கொள்வது 'பெஆ'. வலி தாங்காமல் பாதியில் எழுந்துவிட்டால் அது ஆயுளுக்கும் அவமானம். மாவோரிகளின் 'தா மோகோ' டாட்டூவில் ஒருவருடைய வம்சாவளியே இருக்கிறது. இன்னொருவர் பாட்டன் முப்பாட்டன் கதையை அழகாக இருக்கிறது என்று எடுத்து என் கையில் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. அத்தனை படங்களையும் அழித்துவிட்டேன்.

மார்ச் 15

மாடிச் சுவரில் ஒரு அண்டங்காக்கை சிறகை விரித்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தோள் பக்கம் சின்னச் சின்ன இறகுகள், கீழே வர வர நீளம். கையின் அமைப்பும் அதுதானே! உட்கார்ந்து இரவு வரை வரைந்தேன். அறுபது இறகுகள்.

மார்ச் 23

முதலில் பார்த்த கலைஞர் முகங்களை அற்புதமாகக் குத்துபவர். ஆறிய பிறகு எடுத்த படங்கள் இருக்கிறதா என்று கேட்டேன். ஒன்றுகூட இல்லை. "எல்லாம் ஒரே மாதிரிதான் ஆறும்" என்றார்.

அப்படி இல்லை. குத்தி முடித்த கையோடு எடுத்த படத்தில் எந்தக் கறுப்பும் பளபளக்கும். தோலில் களிம்பு, மேலே விளக்கு வெளிச்சம். ஊசி தோலுக்குள் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் போக வேண்டும். மேலாகக் குத்தினால் தோல் உரியும்போது மையும் சேர்ந்து போய்த் திட்டுத் திட்டாக வெளுக்கும். ஆழமாகப் போனால் ஓரங்களில் நீலமாகக் கசியும், தழும்பும் விழலாம். ஒரு கை முழுவதும் அந்த ஆழம் மாறாமல் குத்துவது தனித் திறமை. முகம் வரையத் தெரிந்தவருக்கெல்லாம் அது கைவரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மார்ச் 30

இன்று பார்த்தவரிடம் இரண்டு வருடம், நான்கு வருடம் ஆன கைகளின் படங்கள் இருந்தன. திட்டு விழுந்த ஒன்றையும் காட்டி, அதை எப்படிச் சரிசெய்தார் என்றும் சொன்னார். எனக்கு அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

என் வரைபடத்தைப் பார்த்து, "இத்தனை இறகு வேண்டாங்க" என்றார். பத்தொன்பது போதுமாம். மையை விழுங்கிப் பிடித்து வைத்திருப்பவை தோலிலுள்ள மேக்ரோபேஜ் செல்கள். ஒரு செல் செத்தால் அது விட்ட மையைப் பக்கத்துச் செல் பிடித்துக்கொள்கிறது. 2018இல் பிரான்ஸில் எலிகளை வைத்து இதைக் கண்டறிந்தார்கள். ஆனாலும் வருடங்கள் போகப் போகக் கோடு தடிக்கத்தான் செய்யும், நடுவில் விட்ட தோல் குறுகும். என் இறகுகளுக்கு இடையே நூலிழை அளவுதான் இடம்.

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நாற்பத்தொரு இறகு போன வருத்தம் இரவு வரை தீரவில்லை.

ஏப்ரல் 6

என் வரைபடத்தையும் அவர் பத்தொன்பது இறகோடு வரைந்ததையும் சுவரில் ஒட்டிவிட்டு அறையின் மறுகோடியிலிருந்து பார்த்தேன். அவருடையது சிறகு. என்னுடையது கறை.

ஏப்ரல் 12

அவரிடமே என்று சொல்லிவிட்டேன். நான்கு அமர்வுகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மாத இடைவெளி. பிடிக்காவிட்டால் லேசரில் அழிக்கலாமே என்று தம்பி கேட்டான். கறுப்பு மை லேசருக்கு நன்றாகவே மசியும், ஆனால் இவ்வளவு பெரிய பரப்பை அழிக்கப் பல தடவை போக வேண்டியிருக்கும். அந்த எண்ணத்தோடு தொடங்குவதாக இருந்தால் குத்தாமலேயே இருக்கலாம்.

ஏப்ரல் 20

ஸ்டென்சிலை, அதாவது குத்துவதற்கு முன் வரைபடத்தின் கோடுகளைத் தோலில் பதிக்கும் தாளை, மூன்று முறை ஒட்ட வேண்டியிருந்தது. முதலில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். மடக்கியதும் முழங்கையில் சிறகு முறிந்த மாதிரி ஆனது. துடைத்துவிட்டு, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி மறுபடி ஒட்டினார்.

அப்போதுதான் புஜத்தில் இருக்கும் மச்சத்தைக் கவனித்தார். அதன் மேல் குத்த மாட்டேன் என்றார். மச்சத்தின் நிறமோ ஓரமோ மாறினால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கறுப்புக்குள் மூடிவிட்டால் மருத்துவராலும் பார்க்க முடியாது. அப்புறம் ஏழாவது இறகைக் கொஞ்சம் வளைத்து, மச்சம் இடைவெளியில் வருவது போல மூன்றாம் முறை ஒட்டினார்.

கண்ணாடி முன் கையை மடக்கினேன், நீட்டினேன். ஊதாக் கோடுகள் கூடவே மடங்கி விரிந்தன.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றார். தலையாட்டினேன்.